ஒரு வரிக்கு இரண்டு ராஜாங்கம்

அந்த வருஷம் கொஞ்ச நாள் தேங்காய்த்திட்டு ஏலக் கொட்டகையில் எல்லா மீனுக்கும் ஒரே பெயர்தான். கட்டம்.

வஞ்சிரத்தை எடை மேடையில் வைத்தாலும் கட்டம், சங்கராவை வைத்தாலும் கட்டம். பக்கத்திலிருக்கும் சின்ன பிரிண்டர் கர்ரென்று ஒரு சீட்டைத் துப்பும். அதில் தேதி சரியாக இருக்கும், கிலோ சரியாக இருக்கும். மீன் பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் ஐந்தாறு காலிச் சதுரங்கள், யாரும் குடிவராத ஹவுசிங் போர்டு வீடுகள் மாதிரி வரிசையாக நிற்கும். சூரை வாங்கியவர் சீட்டைக் காட்டி வஞ்சிரம் கேட்டார். வஞ்சிரம் வாங்கியவர் சீட்டைக் காட்டி அழுதார். இரண்டு சீட்டும் ஒரே மாதிரி இருந்ததால் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது.

"இன்னா ஷாஹீனு இது?" என்று சின்னப்பொண்ணு சீட்டை முகத்துக்கு நேரே நீட்டினாள். வில்லியனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மீன் எடுத்துப்போய் ஊர் ஊராக விற்கிறவள். "நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. எங்க வாத்தியாரு இந்த எழுத்தச் சொல்லியே தரலியே."

"அது எழுத்து இல்லக்கா. எழுத்து வரலைன்னா கட்டம் வரும்."

"வரலைன்னா வராம இருக்க வேண்டியதுதான? கட்டம் எதுக்கு வருது?"

ஷாஹீன் சீட்டை வாங்கிப் பார்த்தாள். கொட்டகையின் கம்ப்யூட்டர்களையும் எடை மேடைகளையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. முல்லா வீதியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி செய்துகொண்டிருந்தவளை இங்கே கூட்டிவந்தவர் கிருஷ்ணசாமி. கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்தவர். பாகூர் பக்கம் கரும்பு போட்ட குடும்பம். மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது. மனிதர்களைப் பற்றியும் அவருக்கு அதே அபிப்பிராயம்தான்.

கம்ப்யூட்டர்களில் 'அலையாத்தி'யைப் போடச் சொன்னவள் ஷாஹீன். அலையாத்தி என்பது புதுச்சேரியிலேயே தன்னார்வலர்கள் கூடிச் செய்கிற இயங்குதளம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்கும் திருப்பித் தரலாம். தாய்மொழியில் ஒரு கணினி என்பது அவர்களுடைய முழக்கம். அந்தக் கணினிதான் தாய்மொழியைக் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டிருந்தது.

"ஓசியில கெடைக்குதுன்னு சொன்னியேம்மா," என்றார் கிருஷ்ணசாமி. அப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. கட்டுமரமும் ஃபைபர் போட்டும் கொண்டுவருவதுதான் ஏலத்துக்கு வந்தது. "தடை முடிஞ்சி பெரிய போட்டுங்க கரைக்கு வர்ற அன்னிக்கு சீட்டுல மீன் பேரு இருக்கணும். இல்லன்னா மேட்டுப்பாளையத்துல ஒருத்தர் மெஷின் வச்சிருக்காரு. மெஷினோட ஆளையும் அவரே அனுப்புவாராம். அப்புறம் நீ பழைய கம்பெனிக்கே டைப் அடிக்கப் போவ வேண்டியதுதான். சொல்லலன்னு சொல்லாத."

கோளாறை ஷாஹீன் அன்று மத்தியானமே கண்டுபிடித்துவிட்டாள். அலையாத்தியில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு மூட்டையாகக் கட்டி வரும். எடைச் சீட்டு அடிக்கும் மூட்டைக்குத் துலாம் என்று பெயர். அது வேலை செய்ய ஒரு தமிழ் ஃபான்ட் கூடவே வர வேண்டும். மூட்டை கட்டியவர் அதைச் சொல்ல மறந்திருந்தார். 'இதற்கு அதுவும் தேவை' என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தாள். வஞ்சிரம் என்று முத்துமுத்தாக வந்தது. சின்னப்பொண்ணு அந்தச் சீட்டைக் கும்பிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் மறுபடியும் கட்டம்.

அலையாத்தி ஒவ்வொரு காலையும் எழுந்ததும், தன் மூட்டைகளில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று தலைமையகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கை வைத்திருந்தால் பழையபடி ஆக்கிவிடும். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதன் பொருள், திருத்தத்தை அலையாத்திப் பேரவைக்கு அனுப்பி, பேரவை அதை ஏற்று, புதிய வெளியீட்டில் சேர்த்துத் திருப்பி அனுப்பினால், திருத்தியவர் தன் திருத்தத்தை இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்பதுதான்.

தடைக்காலத்தில் ஒரு மேடைதான் ஓடியது. தினமும் காலையில் அந்த வரியைக் கையால் சேர்த்துச் சமாளித்தாள். பெரிய படகுகள் வந்தால் எல்லா மேடையும் ஓடும். அப்போது உட்கார்ந்து வரி சேர்க்க முடியாது. பேரவைக்கு வரியை அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தாள். பதில் போடுவதுதான் பேரவையின் முழு நேரத் தொழில் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

வரி அருமையாக இருப்பதாகச் செயலாளர் அறிவுமதி எழுதியிருந்தார். அதைப் பரிசீலிக்க மூன்று சிறு சடங்குகள் உண்டு. ஷாஹீன் என்பவர் ஷாஹீன்தான் என்று பேரவை நேரில் கண்டு தெளிய வேண்டும். வரிக்கான விளக்கத்தில் பிறமொழிச் சொல் இருக்கக் கூடாது. துலாம் மூட்டையின் பொறுப்பாளர், அதாவது பொதிக்காவலர், சம்மதிக்க வேண்டும்.

பேரவையின் அலுவலகம் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடொன்றின் பின்கட்டில் இருந்தது. வாசலில் 'அனைவரும் வருக' என்று பெரிய பலகை. அதன் கீழே சின்ன எழுத்தில் 'முன் அனுமதியுடன்'. அறிவுமதி ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். அங்கே பேசித் தீராததை மாலையில் இங்கே வந்து பேசுவார்.

முதலில் அவளுடைய மின்னணுச் சாவியின் அடையாளத்தை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு முழ நீளச் சங்கதியை, அவள் உரக்கப் படித்தாள். இரண்டு உறுப்பினர்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். பிறகு ஆதார் அட்டையை வாங்கி அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இது நீங்களா?"

"ஆமா சார்."

"எங்களால உறுதியா சொல்ல முடியலையே."

"அந்த போட்டோவப் பார்த்து என்னாலயும் சொல்ல முடியாது சார். ஆனா நான்தான்."

"பிரெஞ்சு கார்த், அடையாள அட்டை, எதாவது இருக்கா?" என்றார் மூத்த உறுப்பினர். "அதுல போட்டோ நல்லா விழும்."

இல்லை என்றாள். அறை சோகமானது. கடைசியில் அறிவுமதிதான் வழி கண்டுபிடித்தார்.

"உங்கள நேர்ல தெரிஞ்ச உறுப்பினர் ஒருத்தர் கையெழுத்து போட்டா போதும். யாரையாவது தெரியுமா?"

"உறுப்பினர் யாரையும் தெரியாது சார்."

"இப்ப என்னைத் தெரியுமே?"

"தெரியும்."

"அப்ப எனக்கும் உங்களத் தெரியும். முடிஞ்சிது." கையெழுத்துப் போட்டார்.

"இத வந்தவொடனே செஞ்சிருக்கலாமே சார்?"

"வந்தவொடனே உங்களத் தெரியாதேம்மா."

அவளை வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அறிவுமதி மனம் விட்டுப் பேசினார். "இது கம்பெனி இல்ல, பாத்துக்குங்க. இங்க முதலாளி கிடையாது, அதிகாரி கிடையாது. நாங்க யாரையும் தடுக்கறதே இல்ல. தடுக்க எங்களுக்கு அதிகாரமும் இல்ல. காத்திருக்க வைக்கத்தான் முடியும். அத மட்டும் முழு மனசோட செய்யறோம்."

இரண்டாவது சடங்கு போனிலேயே முடிந்தது. கலைச்சொல் குழுத் தலைவி செந்தமிழ்ச்செல்வி கூப்பிட்டாள். "உன் விளக்கத்துல பிரிண்டர்னு போட்டிருக்கியேம்மா. ஃபான்ட்னு வேற இருக்கு. அச்சுப்பொறி, எழுத்துருன்னு மாத்தி அனுப்பு. எனக்கு ஒரு காப்பி எடுத்துக் கொண்டாந்து குடுத்துடு. என் பிரிண்டர் ரிப்பேர்."

மூன்றாவது சடங்கு முத்தியால்பேட்டையில் இருந்தது. பொதிக்காவலர் ராஜாங்கத்துக்கு அறுபது வயதுக்கு மேல். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அந்த வழியில் வந்த மிடுக்கு ராஜாங்கத்தின் முதுகில் மட்டும் மிச்சமிருந்தது. கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஷாஹீனின் வரியைப் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பியான், மத்மொசேல்," என்று பிரெஞ்சில் பாராட்டினார். "ரொம்ப நியாயமான வரி. பொதிக்காவலர்ங்கற முறையில இப்பவே ஏத்துக்குவேன். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. மூல ஆசிரியரோட சம்மதம் வேணும்."

"மூல ஆசிரியர் யாருங்க?"

"துலாமை முதல்ல எழுதினவரு. ராஜாங்கம்."

"அது நீங்கதான சார்?"

"மேல," என்று விரலால் உத்தரத்தைக் காட்டினார். "மாடியில நான் மூல ஆசிரியர். கீழ நான் பொதிக்காவலர். ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா அதுக்குப் பேரு ஊழல்."

ஷாஹீன் மாடிப்படியைப் பார்த்தாள். "அப்ப மேல போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடுங்களேன்."

ராஜாங்கத்தின் முகம் கறுத்தது. "நானா? எனக்கும் அவருக்கும் இருக்கற நெருக்கத்துக்கு நான் போயிக் கேட்டா நாலு பேரு இன்னா பேசுவாங்க? நீங்க தனியா மெயில் போடுங்க. அதுல என் பேரைச் சொல்லாதீங்க."

அங்கேயே உட்கார்ந்து போனிலிருந்து மெயில் போட்டாள். மாடியில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"வந்துடுச்சி போல," என்றாள்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் ராஜாங்கம்.

அவருடைய மனைவி அமுதவல்லி காபி கொண்டுவந்தாள். அவள் முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை. அவர் கொல்லைப் பக்கம் போனதும் டம்ளரை நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "மேல இருக்கறவரு கொஞ்சம் முன்கோபிம்மா. கீழ இருக்கறவரு தங்கம். நான் கட்டிக்கினது கீழ இருக்கறவரத்தான்."

மூல ஆசிரியரின் பதில் அன்று மாலை வந்தது. 'தங்கள் வரி தேவையற்றது. என் கணினியில் எழுத்துகள் நன்றாகவே தெரிகின்றன. பிறர் கணினியில் தெரியாவிட்டால் பிறர் தம் கணினியை மாற்றிக்கொள்க.'

ஷாஹீன் அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் முத்தியால்பேட்டை போனாள். பொதிக்காவலர் படித்துப் பார்த்துப் பதறிப்போனார். "இப்பிடியா எழுதுவாரு ஒரு பொம்பளப்புள்ளைக்கு? மரியாத தெரியாத மனுஷன். இருங்க, நானே கண்டிச்சி எழுதறேன்." கண்டித்து எழுதினார். அனுப்பினார். சட்டையை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். மேலே நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு தட்டச்சு, இடி மாதிரி. இறங்கி வந்தபோது காது மடல் சிவந்திருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து, வந்திருந்த பதிலைப் படித்து, தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தன வருஷம் பழகினதுக்கு இதான் மரியாத," என்றார்.

அதிலிருந்து இரண்டு ராஜாங்கங்களுக்கும் போக்குவரத்து பலமானது. பேரவையின் பொது மடல் குழுவில் எல்லோரும் அதைப் படித்தார்கள். கீழ் ராஜாங்கத்தின் பண்பை ஒரு சாரார் பாராட்டினார்கள். மேல் ராஜாங்கத்தின் கொள்கை உறுதியை இன்னொரு சாரார். நடுநிலையாளர்கள் இருவரும் நேரில் சந்தித்துப் பேசலாமே என்றார்கள். இருவரும் மறுத்துவிட்டார்கள்.

ஷாஹீன் அடுத்த முறை போனபோது அமுதவல்லி வாசலிலேயே நிறுத்தினாள். "ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த இல்லம்மா. மேல தனியா தட்டு, கீழ தனியா தட்டு. ரெண்டு எடத்துலயும் சாப்புடறாரு. சர்க்கர ஏறிப்போச்சி. உன் வரியால எங்க குடும்பம் ரெண்டாப் போவுது."

"என்கிட்ட ஒரே ஒரு வரிதாம்மா இருக்குது. அதக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"அதத்தான் கீழ இருக்கறவரும் சொல்றாரு. மேல ஏறினா மறந்துடறாரு."

தடைக்காலம் முடியவிருந்தது. துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயின்ட் அடித்து முடித்து, வலைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணசாமி மேட்டுப்பாளையத்துக்காரரை ஒருநாள் கூட்டிவந்து கொட்டகையைச் சுற்றிக் காட்டினார். வந்தவர் ஷாஹீனின் நாற்காலியைப் பார்த்து, "இத எடுத்துட்டா நம்ம மெஷினுக்கு எடம் சரியா இருக்கும்," என்றார். நாற்காலியில் ஷாஹீன் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அறிவுமதியைக் கூப்பிட்டுக் கெஞ்சினாள். அவர் கருத்தொருமைக் கூட்டம் கூட்டினார்.

பேரவையில் ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டு என்பது வன்முறை என்று அவர்கள் கருதினார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் பேச வேண்டும். எதிர்த்துப் பேச யாருக்கும் தெம்பில்லாத நிலை ஒன்று வரும். அதுதான் ஒருமித்த கருத்து. காலையில் தொடங்கினார்கள். மத்தியானம் எலுமிச்சைச் சாதம் வந்தது. எலுமிச்சைச் சாதம் யாரைக் கேட்டு முடிவானது என்பதில் கொஞ்ச நேரம் போனது.

ராஜாங்கத்துக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்: "பொதிக்காவலர்ங்கற முறையில சொல்றேன். இந்த வரியில தப்பு எதுவும் இல்ல. மக்களுக்கு எழுத்து தெரியணும்." எழுந்து வலப்பக்க நாற்காலிக்குப் போனார். குரல் தடித்தது. "நான் துலாமை எதுக்கு எழுதினேன்? என் மொட்டை மாடித் தோட்டத்துக் காய்கறிய எடை போட. அது என் குழந்த. அதுல மீன் பேரை நுழைச்சது யாரு? இதோ இவருதான்." காலி நாற்காலியைக் காட்டினார். எல்லோரும் காலி நாற்காலியைக் கண்டிப்போடு பார்த்தார்கள். அது ஒன்றும் சொல்லாததால், பதில் சொல்ல ராஜாங்கம் எழுந்து அங்கே போனார். "ஜனங்க கேட்டாங்க, சேத்தேன். கும்பிட்டுக் கேக்கறேன், வீட்டுல நிம்மதியக் கெடுக்காதீங்க." திரும்பி வந்தார். "மீனை எடு. அப்புறம் வரியப் பேசலாம்."

இப்படி நாற்காலி மாறி மாறி அவருக்கு மூச்சு வாங்கியது. உறுப்பினர்களுக்கும் தெம்பு குறைந்தது. ஒருமித்த கருத்து நெருங்குவதை அறிவுமதி உணர்ந்தார். எழுந்தார்.

"நண்பர்களே, ஒரு வரியை ஏத்துக்க இவ்வளவு நாளான்னு வெளியில கேக்கறாங்க. ஒரு வரியையே இவ்வளவு நாள் பரிசீலிச்சா, நாளைக்கு ஒரு பக்கம் வந்தா எவ்வளவு ஆழமாப் பரிசீலிப்போம்னு அவங்க யோசிக்கல. தரம்ங்கறது அதான். ஷாஹீனுடைய வரி ஏற்கப்படுது, மூல ஆசிரியருடைய உணர்வை மதிக்கிற ஒரு சிறு திருத்தத்தோட. பொதிக்காவலர் குடும்ப நலன் கருதி விலகறாரு. விதிப்படி, கடைசியா வரி சேத்தவங்கதான் இனிமே துலாமுக்குப் பொதிக்காவலர்."

எல்லோரும் கை தட்டினார்கள். ராஜாங்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தட்டிவிட்டு, இன்னொன்றில் போய் உட்கார்ந்தும் தட்டினார். ஷாஹீனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவளும் தட்டினாள். 'சிறு திருத்தம்' என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் எல்லோரும் பேசுவார்கள் என்று பயந்தாள்.

தடை முடிந்து கடலுக்குப் போன படகுகள் கரை திரும்பிய காலை, கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. ஐஸ் பெட்டிகள், கூடைகள், ஹோட்டல்காரர்கள், கேரளத்து வண்டிக்காரர்கள். எல்லா மேடையிலும் புதிய வெளியீடு ஓடியது. கிருஷ்ணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரிண்டர் பக்கத்திலேயே நின்றார். மேட்டுப்பாளையத்துக்காரரும் வந்திருந்தார். முதல் கூடை மேடையேறியது. வாள் மாதிரி நீண்டு, வெள்ளி மாதிரி மின்னும் வஞ்சிரம். பிரிண்டர் கர்ரென்றது.

கட்டம் இல்லை. தமிழ். அழகான, உருண்டையான, கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூடிய தமிழ்.

கத்தரிக்காய்.

சின்னப்பொண்ணு எழுத்துக் கூட்டிப் படித்தாள். கூடையைப் பார்த்தாள். மீனின் வாலைத் தூக்கிப் பார்த்தாள். "எங்கூரு கத்தரிக்காய்க்குக் காம்புதாண்டி இருக்கும்," என்றாள்.

அடுத்த மேடையில் சங்கரா வெண்டைக்காய் என்று வந்தது. இறால் முருங்கைக்காய். நெத்திலி கொத்தவரங்காய். சூரை பூசணிக்காய். 'சிறு திருத்தம்' என்ற பெயரில் மூல ஆசிரியரின் மொட்டை மாடி முழுவதும் இறங்கி வந்திருந்தது. ஷாஹீன் கையால் மாற்றினாள். மாற்றி முடிப்பதற்குள் பழையபடி ஆனது. புதிய வெளியீட்டில் பாதுகாப்பைப் பலப்படுத்தியிருந்தார்கள். காலையில் ஒரு தடவை பார்த்தது போதாதென்று, இப்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தது.

கிருஷ்ணசாமி சீட்டை எடுத்துப் பார்த்தார். மேட்டுப்பாளையத்துக்காரர் தொண்டையைச் செருமினார். ஷாஹீன் யோசிக்க நேரமில்லாமல் மேடைமேல் ஏறி நின்று கத்தினாள்: "கத்தரிக்கான்னா வஞ்சிரம்! வெண்டக்கான்னா சங்கரா! பூசணின்னா சூரை! சண்ட போடாம எடுங்க, எதுன்னாலும் என்னக் கேளுங்க!"

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. பிறகு ஏலக்காரர் தொண்டையைத் திறந்தார். "கத்தரிக்கா ஒரு கூட! நல்ல கடல் கத்தரிக்கா! கேளு, கேளு!"

அன்றைக்குத் தகராறு இல்லாமல் ஏலம் முடிந்தது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாது. பூசணிக்கும் கத்தரிக்கும் தெரியும். ஒரே வாரத்தில் கிருஷ்ணசாமிக்கு இது பிடித்துப்போனது. "காய்கறின்னா எனக்கு நல்லா புரியுது," என்றார். ஆனால் மொத்தம் எழுபது எண்பது வகை மீன். சுரைக்காய் என்றால் கிழங்கான் மீனா, காலா மீனா? பாகற்காய் என்றால் எந்தப் பாறை மீன்? அது ஷாஹீனுக்கு மட்டும் தெரியும். ஹோட்டல்காரர்கள் அவளைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். கேரளத்து வண்டிகள் அவள் தலையாட்டினால்தான் கிளம்பின. கிருஷ்ணசாமி அவளுக்கு மெத்தை வைத்த நாற்காலி வாங்கிப் போட்டார். தலைக்கு மேலே ஒரு ஃபேன். மேட்டுப்பாளையத்துக்காரர் ஒரு தடவை வந்து, தன் மெஷினில் முள்ளங்கி இல்லையே என்று திரும்பிப் போனார். ஆனாலும் அவருடைய போன் நம்பரைக் கிருஷ்ணசாமி அழிக்கவில்லை. அது ஷாஹீனுக்குத் தெரியும்.

அப்படியொரு மத்தியானம், பொதிக்காவலர் ஷாஹீனுக்கு ஒரு மெயில் வந்தது. காரைக்கால் துறைமுகத்தில் இதே வேலை பார்க்கிற அபி என்ற பெண் அனுப்பியிருந்தாள்.

'அக்கா, எங்க கொட்டகையிலும் காய்கறியா வருது. இங்க யாருக்கும் எதுன்னு தெரியல, தினம் அடிதடி. என்னை வேலைய விட்டு அனுப்பறேன்னு சொல்றாங்க. மீன் பேரைத் திரும்பக் கொண்டு வர ஒரு வரி எழுதியிருக்கேன். மாடியில இருக்கிற சாருக்குக் கத்தரி நாத்து வாங்கிக்கிட்டுப் போய்க் குடுத்தேன், சம்மதம் போட்டுட்டார். இனி நீங்க சரின்னு சொன்னா மட்டும் போதும்.'

ஷாஹீன் வரியைப் படித்தாள். சுத்தமான வரி. தப்பே இல்லை. இதை ஏற்றால் நாளைக் காலையில் எல்லாக் கொட்டகையிலும் வஞ்சிரம் வஞ்சிரம் என்றே வரும். படிக்கத் தெரிந்த யாரும் மேடையை ஓட்டலாம்.

கிருஷ்ணசாமி அந்தப் பக்கமாக வந்தார். "இன்னாம்மா, எதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்ல சார். காரைக்கால்லேர்ந்து ஒரு பொண்ணு. புதுசு. இன்னும் கொஞ்சம் கத்துக்கணும்."

அவர் போனதும் ஷாஹீன் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகத் தட்டினாள்:

'தங்கள் வரி கிடைத்தது. வஞ்சிரம் என்பது மீன்தான் என்பதற்கான ஆதாரம் இணைக்கப்படவில்லை.'